யப்பானிய இசைப்பாடல்களில் ஒருதலைக் காதல்

காதல் இருவர்பால் நிகழற்பாலது. அஃது ஒருவர் நெஞ்சிலே தோன்றி அந்நெஞ்சிலேயே நின்றுவிடுமாயின் அதனை எப்பெயராற் சுட்டுவது என்னும் வினா மொழிதோறும் எழுந்ததொன்றாகும். தமிழ் இலக்கண நூலார் அதனைக் கைக்கிளை என்றனர்; ஒருபக்கத்து உறவு என்பது அச்சொல்லுக்கு உரையாசிரியர் கொண்ட கருத்து. யப்பானியர் அதனைக் 'கத்த-ஒமொய்' என்பர். இணையாக இருக்கவேண்டிய இரண்டனுள் ஒன்று மாத்திரம் நிற்பதைக் 'கத்த' என்னும் அடை குறிக்கும். 'ஒமொய்' என்பது நினைவு. ஒருபக்கத்து நினைவு என்பது அத்தொடரின் பொருளாம். தமிழும் யப்பான் மொழியும் ஒன்றையொன்று அறியாதிருந்தும், ஓர் அனுபவத்துக்கு ஒரே வழியிற் பெயர் வகுத்தமை வியப்புக்குரியது.

ஆயினும் சொல் ஒத்திருத்தல் கொண்டு பொருளும் முற்றும் ஒத்தது எனத் துணிதல் பிழையாகும். எதிர்ச்சொல் பெறாதவிடத்தும் தானே சொல்லி இன்புறும் நிலையைக் கைக்கிளைக்குக் குறிப்பாகத் தொல்காப்பியர் காட்டுவர். ஆங்கே சொல் உண்டு. அச்சொல்லுக்கு விடைதான் இல்லை. யப்பானியப் பொப் இசைப்பாடல்களையும் றொக் இசைப்பாடல்களையும் ஊன்றிக் கேட்போர் பெரும்பாலும் காண்பது இதனின் வேறானதொரு நிலையாகும். காதலிக்கப்படுபவர் மறுக்கவில்லை, மறுப்பதற்கு அவர்முன் யாதும் வைக்கப்படவில்லை. சொல்லி மறுக்கப்பட்ட காதலினும் சொல்லப்படாத காதலே அப்பாடல்களிற் பெரிதும் பயில்கின்றது. இவ்வேறுபாட்டை விளக்குதலும், அம்மௌனம் போற்றத்தக்கதோ இகழத்தக்கதோ என ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

இம்மௌனம் இசைத்தட்டுக்களோடு பிறந்ததன்று. யப்பானியரின் மிகப் பழைய பாடற்றொகுதியாகிய 'மன்யோஷூ' எட்டாம் நூற்றாண்டிலே தொகுக்கப்பட்டது. இருபது பகுதிகளையும் ஏறத்தாழ 4,500 பாடல்களையும் உடைய அத்தொகுதியிற் காதற் பாடல்கள் மிகப் பல. யப்பானியர் தமக்கெனத் தனி ஒலியெழுத்து வகுத்துக் கொள்ளாத அக்காலத்திற் சீன எழுத்துக்களின் ஒலியைக் கடன் கொண்டு தம்மொழியை எழுதினர். காதல் எனப் பொருள்படும் 'கொய்' என்னும் சொல்லை எழுதப் புகுந்தோர், ஒலி பொருந்திய பல எழுத்துக்களுள்ளே தனிமை, துயர் என்னும் பொருளுடைய இரண்டனைப் பல இடங்களிற் தெரிந்தெடுத்தனர். ஒலிக்காகக் கொண்ட எழுத்தே பொருளையும் உணர்த்திவிட்டது. அத்தொகுதியில் ஒரு பெண் 'ஒருபக்கத்து நினைவு' என்னும் சொல்லை மூடியற்ற மட்கலத்தின் பெயரோடு சிலேடையாக அமைத்து, அக்கலத்தின் அடியிலே தான் ஆழ்ந்து கிடப்பதாகக் கூறுகின்றாள். இணையாகிய மூடியை இழந்த கலம் ஒருதலைக் காதலுக்கு எத்துணைப் பொருத்தமான உவமை என்பது சொல்லாமலே அமையும்.

905 ஆம் ஆண்டிலே அரசாணையாற் தொகுக்கப்படத் தொடங்கிய 'கொக்கின்ஷூ' என்னும் நூல் தன் இருபது பகுதிகளுள் ஐந்தினைக் காதலுக்கு ஒதுக்கியது. காதலின் வளர்ச்சி முறையாக அமைந்த அப்பகுதிகள், இன்னும் சந்தியாத ஒருவர்மேற் கொண்ட ஏக்கத்தோடு தொடங்குகின்றன. 960 ஆம் ஆண்டிலே அரண்மனையில் நிகழ்ந்த பாட்டுப் போட்டி ஒன்றில் மறைத்த காதலைக் கூறும் பாடல்கள் இரண்டு எதிரெதிராக நின்றன. தைரா நோ கனெமொரி, மிபு நோ ததமி என்னும் இருவர் பாடிய பாடல்களுள் எது சிறந்தது எனத் துணிய இயலாது நடுவர் திகைத்தனர். அரசர் கனெமொரியின் பாடலைத் தம்முள் மெல்ல முணுமுணுக்கக் கேட்டு அதற்கே வெற்றி கொடுத்தனர் என்ப. தோற்றவர் அத்துயராலே இறந்தார் என்பது செவிவழிக் கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த 'ஹகக்குரே' என்னும் போர்வீரர் நூலும், காதலின் உச்சநிலை மறைத்த காதலே எனக் கூறுகின்றது. தமிழ் அகமரபிலே, ஆற்றாத தலைவன் மடலேறி ஊரறியத் தன் காதலை வெளிப்படுத்துவேன் என்பான். யப்பானிய மரபு இதற்கு நேர்மாறான திசையிலே சென்று, வெளிப்படுத்தாமையையே காதலுக்கு அளவுகோலாக்கியது.

இனி, மொழியின் இயல்பும் இம்மரபுக்குத் துணையாயிற்று. தமிழில் 'விரும்புகின்றேன்' என்ற அளவிலே விரும்புவோன் யார் என்பதை வினைமுற்றின் விகுதி காட்டிவிடும். யப்பானிய வினைகளுக்கு இடமும் பாலும் காட்டும் விகுதி இல்லை. காதலைத் தெரிவிக்க அவர் பெரிதும் வழங்கும் 'சுக்கி' என்னும் சொல் 'விருப்பத்துக்குரியது' என்ற அளவிலே நிற்கும். யார்க்கு யார்மேல் விருப்பம் என்பதைக் கேட்போரே உய்த்துணர வேண்டும். ஆகவே ஒரு பாடலிலே தலைவியின் பெயரும் தன்மைப் பெயரும் வாராமலே காதல் முழுதும் பேசப்படலாம். 'பொக்கு' என்னும் ஆண்பாலார்க்குரிய தன்மைப் பெயரைப் பெண் பாடகியரும் பாடல்களிலே தடையின்றி வழங்குவர். பேசுவோர் இன்னார் எனத் தெளிவாகாத அந்நிலையிற் கேட்போர் எவரும் அவ்விடத்திலே தம்மை வைத்துக்கொள்ளல் எளிதாகின்றது.

இக்கால யப்பானிய இளைஞரிடையே காதலுறவு பெரும்பாலும் 'கொக்குஹக்கு' எனப்படும் வெளிப்படையான தெரிவித்தலோடு தொடங்குகின்றது. ஒருவர் மற்றவரை நேரே கண்டு தம் விருப்பத்தைச் சொற்களாற் கூறி விடை வேண்டுதலே அது. இவ்வழக்கம் நிலவுமிடத்து, அச்சொல் பிறக்கும்வரை எல்லாக் காதலும் ஒருதலைக் காதலே. ஆதலின் 'கத்த-ஒமொய்' என்பது தோல்வியின் பெயராக மாத்திரம் அமையாது, முடிவு தெரியாத ஓர் இடைநிலையின் பெயராகவும் அமைகின்றது. பாடல்களிலே துயரோடு கலந்து இன்பமும் நிலவுவதற்குக் காரணம் இதுவே.

இத்தகைய மௌனக் காதலை முழக்கமே இயல்பாகிய றொக் இசை எவ்வாறு ஏற்றது என்பது சுவையானதொரு வினா. பீற்றில்ஸ் குழுவினர் 1966 இல் டோக்கியோ நகரத்துப் புடோக்கான் மண்டபத்திற் பாடிச் சென்றதை ஒட்டி, மின்கிற்றார் ஏந்திய இளைஞர் குழுக்கள் யப்பானெங்கும் பல்கின. றொக் இசையை யப்பான் மொழியிலே பாடுதல் கூடுமா, ஆங்கிலத்திலேதான் பாடவேண்டுமா என 1970 ஆம் ஆண்டையொட்டி இசை இதழ்களிற் பெருவாதம் நிகழ்ந்தது. ஹப்பி எண்ட் என்னும் நால்வர் குழு 1971 இல் வெளியிட்ட 'கஸெமச்சி ரோமன்' என்னும் இசைத்தட்டு, தாய்மொழியிலே அது கூடும் என்பதைக் காட்டிற்று. தாய்மொழி புகுந்தவுடன் அம்மொழியின் பழைய மரபும் உடன் புகுந்தது. மேனாட்டு இசை கொடுத்த உரத்த குரலுக்குள்ளே மறைத்த காதல் வந்து குடியேறியது.

அப்பாடல்களின் அமைப்பு இவ்விடத்து நோக்கத்தக்கது. யப்பானியப் பொப் பாடல் பொதுவாக மூன்று உறுப்புடையது. முதலுறுப்பு தாழ்ந்த குரலிலே காட்சியைக் கூறும். இரண்டாம் உறுப்பு உணர்ச்சியை மெல்ல உயர்த்தும். மூன்றாவதாகிய 'ஸபி' என்னும் உறுப்பு மெட்டு உச்சமடையும் இடமாகும். நம் இசையிற் பல்லவி போலத் திரும்பத் திரும்ப வருவது அதுவே. ஒருதலைக் காதற் பாடல்களிலே மறைத்து வைத்த சொல் வெடித்தெழுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். ஆனால், அச்சொல்லைக் கேட்பவர் யார்? பாடலுக்குள்ளே 'நீ' என விளிக்கப்படுபவர் கேட்பதில்லை; பாடலுக்குப் புறத்தே நிற்கும் நாமே கேட்கின்றோம். உரியவர் ஒருவர் நீங்கலாக உலகத்தார் யாவரும் அறியும் மறைபொருளாகக் காதல் ஆகிவிடுகின்றது. இம்முரண்பாடே இப்பாடல்களின் உயிர் எனலாம். சில பாடல்களை எடுத்து நோக்குவோம்.

'மச்சிபுசே' என்னும் பாடலை இயற்றி இசையமைத்தவர் அராய் யூமி என்னும் பெண் கவிஞர். 1976 இல் மிக்கி செய்க்கோ அதனைப் பாடினார். 1981 இல் இஷிக்காவா ஹித்தோமி பாடியபோது அது நாடெங்கும் புகழெய்தியது. பதுங்கிக் காத்திருத்தல் என்பது தலைப்பின் பொருள். மாலை வேளையிலே தேநீர்ச் சாலை ஒன்றினுள் எட்டிப் பார்க்கும் பெண், தான் விரும்பும் இளைஞன் தனக்குத் தெரிந்த ஒருத்தியோடு அமர்ந்திருக்கக் காண்கின்றாள். பின்னர் அவ்வொருத்தி கைவிடப்பட்டாள் எனக் கேள்வியுற்றபோதும் தானாகச் சென்று பேச அவள் இசையவில்லை. தற்செயலாகச் சந்தித்தவள்போல நடிக்கக் கருதி அவன் வீடு திரும்பும் வழியிலே காத்து நிற்கின்றாள். இங்கே மௌனம் நாணத்தின்பாற்பட்டதன்று. வெல்லுதற்கு வகுத்த சூழ்ச்சியின் ஒரு கூறு. தன்மானமும் ஆசையும் ஓருள்ளத்திலே பொருதலை இத்துணை நுட்பமாகக் காட்டிய மெல்லிசைப் பாடல்கள் சிலவே. ஆயினும், காத்திருத்தல் பின்தொடர்தலாக மாறும் எல்லை இதற்கு மிகத் தொலைவில் இல்லை என்பதையும் திறனாய்வாளன் மறத்தலாகாது.

முராஷித்தா கோஸோ தாமே இயற்றி 1983 இற் பாடிய 'ஹட்சுகோய்', அஃதாவது 'முதற்காதல்', இதனின் வேறான மனநிலையுடையது. பள்ளி முடிந்தபின் விளையாட்டிடத்தில் ஓடுகின்ற ஒருத்தியைத் தொலைவில் நின்று நோக்கும் இளைஞன் விரும்புகின்றேன் என்னும் சொல்லைச் சொல்லாமலே இருந்துவிட்டான். பாடல் நிகழ்கால ஏக்கத்தைக் கூறுவது போலத் தொடங்கி, நிகழ்ந்து முடிந்ததொன்றன் நினைவாக முடிகின்றது. வளர்ந்த ஒருவன் தன் இளமையைத் திரும்பி நோக்கும்போது அவன் காதலித்தது அப்பெண்ணையோ, அவளை நோக்கி நின்ற தன் பழைய உருவையோ எனக் கேட்போர் ஐயுறுவர். முராஷித்தா 1999 இல் மறைந்தார். அப்பாடலோ தம் பள்ளிக் காலத்தை நினைக்கும் யப்பானியரின் வாயில் இன்றும் வாழ்கின்றது.

முழக்க இசையின் எல்லைக்குச் சென்றது ப்ளூ ஹாட்ஸ் என்னும் குழு 1987 இல் வெளியிட்ட 'லிண்டா லிண்டா' என்னும் பாடல். பாடுவோன் சாக்கடையெலியின் அழகைத் தான் வேண்டுகின்றான். படத்தில் அகப்படாத அழகு அது என்கின்றான். பின்னர் ஸபியிலே 'லிண்டா' என்னும் ஒலியையே மீண்டும் மீண்டும் அலறுகின்றான். அச்சொல்லின் பொருள் பாடலில் எவ்விடத்தும் விளக்கப்படவில்லை. அவன் விளிக்கும் பெண்ணோ, என்றேனும் ஒருநாள் சந்தித்துப் பேசினால் எனச் சுட்டப்படுபவள். எனவே இன்னும் சந்திக்கப்படாதவள். சந்தியாத காதலுக்கு முதலிடங் கொடுத்த கொக்கின்ஷூவின் மரபு, ஆயிரம் ஆண்டு கடந்து, மின்கிற்றாரின் பேரொலி நடுவே ஒலிக்கக் கேட்கின்றோம். குரல் எத்துணை உயர்ந்தாலும் சொல்லவேண்டிய சொல் உள்ளேயே நிற்றல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிக நெருங்கியது சூப்பர்செல் என்னும் குழு 2009 இல் வெளியிட்ட பாடலாகும். 'நீ அறியாத கதை' என்பது அதன் தலைப்பின் பொருள். நண்பர் சிலர் கோடை இரவிலே விண்மீன் காணச் செல்கின்றனர். நாயகன் டெனெப், அல்ற்றயர், வேகா என்னும் மூன்று மீன்களைச் சுட்டிக் காட்டுகின்றான். இம்மூன்றும் கூடியதே கோடை முக்கோணம். அல்ற்றயரும் வேகாவும் சீனத்திலிருந்து யப்பானுக்கு வந்த பழங்கதையின் ஆயனும் நெசவுப் பெண்ணுமாவர். பால்வெளியாற் பிரிக்கப்பட்ட அவ்விருவரும் ஆண்டுக்கொருமுறை, ஏழாம் மாதத்து ஏழாம் நாளிலே சந்திப்பர் என்பது கதை. மன்யோஷூவிலே நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் இக்கதையைப் பொருளாகக் கொண்டவை. நாயகி நெசவுப் பெண்ணாகிய மீனை ஒருவாறு கண்டுகொண்டாள். ஆயன் எங்கே எனத் தேடுகின்றாள். பக்கத்திலே நிற்பவனிடம் அவளால் யாதும் சொல்ல இயலவில்லை. பழங்கதையின் காதலர்க்கு ஆண்டுக்கொருநாளேனும் உண்டு. ஓரடித் தூரத்தில் நின்ற இவளுக்கு அஃதும் இல்லை. தூரம் வானத்திலே இருப்பதன்று, சொல்லாத சொல்லிலே இருப்பது என்னும் உண்மையை இப்பாடல் தன் அமைப்பாலே உணர்த்துகின்றது. அச்சமே தன்னைத் தடுத்தது என்பதை நாயகி அறிந்திருத்தலால் இப்பாடல் வெறும் இரக்கத்தோடு நின்றுவிடாது உயர்கின்றது.

நகைச்சுவையும் இத்துறைக்குப் புறம்பானதன்று. குன்மா மாகாணத்திலே 2004 இல் தோன்றிய பக்நம்பர் என்னும் றொக் குழு 2013 இல் வெளியிட்ட 'தக்கனெ நோ ஹனக்கோ-சான்' என்னும் பாடலை இதற்குச் சான்றாகக் காட்டலாம். எட்டாத உயரத்திலுள்ளவரை 'உயர்மலைப் பூ' என்பது யப்பானியர் வழக்கு. அத்தொடரோடு 'ஹனக்கோ' என்னும் மிகச் சாதாரணமான பெண்பெயரை ஒட்டித் தலைப்பு வகுக்கப்பட்டது. அவளுக்குத் தான் நண்பரின் நண்பன் மாத்திரமே என அறிந்த இளைஞன், அவளுக்கேற்ற காதலன் எத்தகையவனாவான் எனத் தானே கற்பனை செய்கின்றான்: அவளினும் மூத்தவன், வெயிலிற் கறுத்த மேனி பொலிந்தவன், மேனாட்டிசை விரும்புபவன். இவ்வாறு தானே படைத்த பகைவனிடம் தானே தோற்றுவிடுகின்றான். சொல்லாத காதலிலே மறுக்கும் வேலையையும் காதலிப்பவரே செய்துவிடுதல் உண்டு என்பது இந்நகையின் உட்பொருள்.

இனி, தடை ஒன்றை எழுப்பி விடை காணல் வேண்டும். சொல்லாமை என்பது அச்சத்துக்கு இட்ட அழகிய பெயர்தானே? மேலும், சொல்லாத காதலிற் காதலிக்கப்படுபவர் உயிருள்ள ஒருவராக நில்லாது, காதலிப்பவரின் உணர்ச்சிக்கு ஒரு காரணமாகச் சுருங்கிவிடுகின்றார். முராஷித்தாவின் பாடலில் ஓடிய பெண் என்ன எண்ணினாள் என்பதை நாம் அறியோம், பாடுவோனும் அறியான், அறிய முயன்றதாகவும் தெரியவில்லை. இத்தடை வலியது. இளமைத் துயரை இனிப்பாக்கி விற்கும் பாடல்கள் யப்பானிலும் எண்ணிறந்தன. மௌனத்தையே பெருமையாக்கி அதனுள்ளே இன்பமாக உறங்கிவிடும் பாடல்களைச் சிறந்தன எனக் கொள்ளுதல் இயலாது.

எனினும் மறுபக்கமும் ஒன்றுண்டு. விடை பெறாத காதல் பழியாக மாறுதல் எளிது. விரும்பாமை குற்றமெனச் சாற்றி, விரும்பாதவரைக் கல்நெஞ்சர் எனத் தூற்றும் பாடல்களை எம்மொழியிலும் காணலாம். மேலே எடுத்துக்காட்டிய பாடல்களுள் ஒன்றேனும் அவ்வாறு தூற்றவில்லை. தன் துயருக்குத் தானே பொறுப்பு என்பதைப் பாடுவோர் ஏற்கின்றனர். 'நீ அறியாத கதை' என்னும் தலைப்பிலேயே, அறியாத உன்மேற் குற்றமில்லை என்னும் நேர்மை அடங்கியிருக்கின்றது. காதலிக்கப்படுபவர்க்குக் காதலியாதிருக்கும் உரிமை உண்டு என்பதை வாதத்தாற் கூறாது ஒழுக்கத்தாற் காட்டுதல் இப்பாடல்களின் தனிச்சிறப்பு.

பாடலின் பயனையும் கருதுதல் தகும். 1971 இற் கோபே நகரத்து இசைக்கலைஞர் இனொவுவே டைசுக்கே, குரலின்றி இசைமாத்திரம் ஒலிக்கும் 'கரஒக்கே' என்னும் பொறியை அமைத்தார். 'வெற்றிசைக்குழு' என்பது அப்பெயரின் பொருள். பாடகர் நிற்கவேண்டிய இடம் அங்கே வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது. அவ்விடத்திலே எவரும் நின்று பாடலாம். தன் வாயாற் தன் சொல்லைச் சொல்லத் துணியாத ஒருவர், பிறரியற்றிய சொல்லை, உரியவர் அருகிருக்கவே, பாட்டுத்தானே என்னும் மறைவிலே சொல்லிவிடுதல் அங்கே கூடும். ஒருவர் மௌனத்தைப் பற்றிய பாடல் இன்னொருவர் மௌனத்தைக் கலைக்கும் கருவியாகின்றது.

இதுகாறும் கூறியவாற்றால், யப்பானிய இசைப்பாடல்களிலே பயிலும் ஒருதலைக் காதல் நம் இலக்கண நூலார் கூறிய கைக்கிளையோடு பெயரளவில் ஒத்து, இயல்பளவில் வேறாய் நிற்றல் புலனாகும். அது சொல்லின் முன்னே நிற்கும் காதல். அம்மரபைப் பின்பற்றியும் அதன் குறையை உணர்ந்தும் எழுந்த பாடல்களே நிலைபெறத் தக்கன. சொல்லாமையிலே பிறரைப் புண்படுத்தாத பண்பும் உண்டு. தன்னைக் காத்துக்கொள்ளும் கோழைமையும் உண்டு. இரண்டையும் ஒருங்கே ஒரு மெட்டினுள் அடக்கி, எது எவ்வளவு எனக் கேட்போர் தம் நெஞ்சையே வினாவச் செய்தல் நல்ல பாடலின் தொழில். விண்மீன் பார்த்துத் திரும்பிய அப்பெண்ணின் பாடல் முடிந்தபின்னரும் அவ்வினா நம்மைவிட்டு நீங்குவதில்லை.